கட்டுக்கோப்பு, கதவு நிலவு சகிதம்

குன்னத்தூருக்கு மேற்கே, பழைய வண்டித்தடம் தார் ரோடாகிவிட்ட ஒரு சிற்றூரில் எங்கள் அப்புச்சி வீடு இருக்கிறது. அம்மாவைப் பெற்றவருடைய வீடு. அதற்கு நான்கு பத்திரங்கள். முதல் இரண்டில் கோயமுத்தூர் ஜில்லா என்று இருக்கும். மூன்றாவதில் பெரியார் மாவட்டம். ஈரோட்டை வைத்துத் தனி மாவட்டம் பிரித்த 1979-க்குப் பிறகு எழுதியது. நான்காவதில் திருப்பூர் மாவட்டம், 2009-க்குப் பிந்தியது. பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவன் நான். ஊரார் வீட்டுப் பத்திரங்களையெல்லாம் வாசித்தவனுக்கு, அம்மா பிறந்த வீட்டுப் பத்திரங்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் வாய்ப்பு, மாமன் மக்கள் அந்த வீட்டை இடிப்பதா வைப்பதா என்று பேச்செடுத்த பிறகுதான் வந்தது.

எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் ஒரு வீட்டை எழுதும் முறை ஏறக்குறைய மாறாதது. முதலில் செக்குபந்தி: இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்ன வீதிக்கு மேற்கு. அப்புறம் கிழமேலடி இத்தனை, தென்வடலடி இத்தனை. பிறகு, அந்த அளவுக்குள் உள்ள வீடு, அதன் கட்டுக்கோப்பு, கதவு நிலவு சகிதம், மாமூல் வழிநடைப் பாத்தியம். கட்டுக்கோப்பு என்றால் கூரையின் மரச்சட்டம், நிலவு என்றால் வாசல்நிலை. இந்த வாசகத்தில் சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனதால் வெகுநாள் நானும் இதை யோசிக்கவில்லை. யோசித்தால் நியாயம் புரிகிறது. சுவர் மண். அதே மனையில் குழி வெட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, உருண்டை பிடித்து ஏற்றியது. அதற்கு விலை கிடையாது. விலை முழுக்க மரத்தில்தான் இருந்தது. வீட்டை வாங்கினார்கள் என்றால் மேலே நிற்கிற மரத்தை வாங்கினார்கள் என்றே பொருள்.

மரத்துக்கு இந்த மதிப்பு வந்ததற்குக் காரணம் எங்கள் மண். குன்னத்தூர் வட்டாரம் மேட்டுக்காடு. மழை குறைச்சல், கிணற்றை நம்பிய வெள்ளாமை. வானம் பார்த்த காட்டில் வளர்ந்தது பனையும் வேம்பும் வெள்வேலும்தான். தோட்டத்து வரப்பில் எங்காவது ஒரு வாகை. உத்தரம் போட நீளமான மரம் தேவையென்றால் ஆனைமலைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காட்டுத் தேக்கின் மேல் கும்பினியாருக்கும் கண் இருந்தது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு மரம் அனுப்ப, 1848-இல் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை அங்கே நியமித்தார்கள். வெட்டிய மரத்தை மேட்டிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்கு டாப்ஸ்லிப் என்ற பேர் இன்றுவரை நிற்கிறது. கப்பலுக்குப் போகிற மரத்தில் மானாவாரிக் குடியானவன் எத்தனை வாங்கிவிட முடியும்? அப்புச்சி வீட்டில் தேக்கு என்று இருப்பது தொட்டியைச் சுற்றிய நான்கு தூண்களும் தலைவாசல் நிலவும் மட்டுமே. ஆனைமலைத் தேக்கு என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். மற்றதெல்லாம் பனை.

பனையை மரமாக்குவது தனி வேலை. நல்ல முதிர்ந்த மரமாக, அறுபது எழுபது வயது தாண்டியதாகப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். இளம் பனையில் வைரம் ஏறியிருக்காது. வெட்டிச் சாய்த்ததும் ஆப்பு இறக்கி நீளவாக்கில் பிளப்பார்கள். உள்ளே இருப்பது சோறு. நார் நாராக, மெத்தென்று, விரல் நகத்தால் கீறினாலே வரும். அதை முழுக்கச் சுரண்டி எறிந்தால் ஓரத்தில் கறுப்பும் மஞ்சளும் கோடு கோடாக ஓடிய வைரம் மிஞ்சும். அதை வாச்சியால் செதுக்கினால் பனங்கை. ஒரு மரத்துக்குச் சில கைகள்தான் தேறும். வெட்டுகிறபோதே அடிப்பாகம் எது, தலைப்பாகம் எது என்று குறித்துவைப்பார்கள். கனமான அடிப்பாகம் சுவர்மேல் உட்காரும், மெலிந்த தலைப்பாகம் மோட்டுவளைக்குப் போகும். அப்புச்சி வீட்டுக் கைகளைத் தடவிப் பார்த்தால் வாச்சி பட்ட ஒவ்வொரு கொத்தும் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அடுப்படிக்கு மேலே இருப்பவை புகை ஏறி மினுமினுப்பாக இருக்கின்றன. கரையான் அந்தப் பக்கமே வந்ததில்லை. அடுப்படியை விட்டுத் தள்ளி இருப்பவற்றுக்கு ஆண்டு தவறாமல் வேப்பெண்ணெய் பூசினார்கள்.

வீட்டின் அமைப்பு கொங்குநாட்டில் பலரும் கண்டதுதான். தெருவைப் பார்த்த திண்ணை, நடை, நடுவில் வானம் தெரிகிற தொட்டி, தொட்டியைச் சுற்றித் தாவாரம், ஒரு புறம் ஆசாரம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் பொடக்காலி. நான்கு பக்கக் கூரையும் தொட்டியைப் பார்த்துச் சரியும். இந்த நான்கு சரிவும் சேருகிற மூலைகளில்தான் தச்சருடைய மூளை தெரியும். தூண் கீழே கருங்கல் மேல் நிற்கிறது. தூணின் தலையில் கழுந்து, அது போதிகையின் துளைக்குள் இறங்குகிறது. போதிகை மேல் உத்தரம். உத்தரங்கள் மூலையில் ஒன்றை ஒன்று பாதி பாதியாக வெட்டிக் கவ்வுகின்றன. இதற்கெல்லாம் இரும்பாணி கிடையாது, மர முளைதான். பட்டறையில் அடித்த பட்டை ஆணி கதவுக் கீலிலும் குமிழிலும் மட்டும் இருக்கிறது.

போன வருஷம் மராமத்துக்காக ஓடு பிரித்தபோது ஓர் இளம் ஆசாரி மேலே ஏறினார். மோட்டுவளையில் கைகள் சேருகிற இடத்தில் உளியால் கொத்திய குறிகள் இருப்பதைக் காட்டினார். ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள். எதிர்ச்சரிவில் ஜோடிக் கைக்கும் அதே எண். தரையில் வைத்து எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்த்து, எண் போட்டுப் பிரித்து, பிறகு மேலே ஏற்றியிருக்கிறார்கள். இங்கிலாந்துக் கிராமங்களில் ஓக் மரச் சட்டம் கோத்துக் கட்டிய வீடுகளிலும் இதே வழக்கம்; அவர்கள் ரோமானிய எண்ணைக் கொத்தினார்கள், ஏனென்றால் நேர்கோடுகள் உளிக்குச் சுலபம். எங்கள் ஆசாரிக்கு ௩-ஐயும் ௭-ஐயும் வளைக்க உளி போதுமானதாக இருந்திருக்கிறது. கையின் உறுதி அந்தச் சிறு எழுத்தில் தெரிகிறது. பத்திரத்தில் வாங்கினவர் பேர், விற்றவர் பேர், சாட்சிகள் பேர், எழுதினவர் பேர் எல்லாம் உண்டு. மரத்தை இழைத்தவர் பேர் எங்குமில்லை. அவர் விட்டுப்போன கையெழுத்து இது ஒன்றுதான்.

வீட்டின் வயதைச் சொல்வதில்தான் நமக்கும் அந்த ஊர்களுக்கும் பெரிய வித்தியாசம். ஓக் மரத்தில் வருஷத்துக்கு ஒரு வளையம். உத்தரத்திலிருந்து மெல்லிய குச்சியாக ஒரு துண்டைத் துருவி எடுத்து வளையங்களின் அகலத்தை வரிசையாக அளந்தால், மரப்பட்டையை ஒட்டிய பகுதி மிச்சமிருக்கும் பட்சத்தில், மரம் வெட்டிய ஆண்டை மட்டுமல்ல, குளிர்காலமா வசந்தமா என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். தேக்கிலும் வளையம் உண்டு. நம் ஆராய்ச்சியாளர்கள் கேரளத்துத் தேக்கை வைத்துப் பழைய பருவமழைக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். பனையில் அது நடக்காது. பனை ஒருவித்திலைத் தாவரம், புல்லின் உறவு. வளையமே விழாது. அதனால் பனங்கை வீட்டின் காலத்தைச் சுற்றுவழியில்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு வழி முத்திரைத்தாள். முதல் பத்திரத்தில் தேதி எழுதிய மேல்வரி செல்லரித்துவிட்டது. ஆனால் தாளில் ஐந்தாம் ஜார்ஜ் தலை தெளிவாக இருக்கிறது. 1910-இல் பட்டத்துக்கு வந்து 1936 ஜனவரியில் இறந்தவர். இரண்டாவது பத்திரத்தில் ஆறாம் ஜார்ஜ். ஆகவே இரண்டாவது எழுதியது 1936-க்குப் பிறகு. முதல் பத்திரம் சொல்வது ஓலைக் கட்டுக்கோப்பு வீடு. இரண்டாவது சொல்வது: மேபுறம் ஓட்டு வில்லை வீடு, கீபுறம் ஓலைக் கட்டுக்கோப்பு. இரண்டு அரசர்களுக்கு நடுவில் பாதி வீட்டுக்கு ஓடு ஏறியிருக்கிறது.

ஓடு எங்கிருந்து வந்தது என்பது அதன் அடிவயிற்றிலேயே அச்சாகியிருக்கிறது. ஜெர்மன் பேசும் நாட்டிலிருந்து வந்த பாசல் மிஷன் பாதிரிமார், மங்களூரில் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தார்கள். பிளெப்ஸ்ட் என்பவர் அதை நடத்தினார். மதம் மாறியதால் சாதித் தொழிலையும் சொந்தக்காரர்களையும் இழந்தவர்களுக்கு வேலை கொடுப்பது நோக்கம். ஒன்றின் விளிம்பில் இன்னொன்று பூட்டிக்கொள்ளும் அந்தச் சீமை ஓட்டின் தொழிற்சாலைகள் பிறகு கோழிக்கோட்டுப் பக்கமும் பாலக்காட்டிலும் வந்தன. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் எதிரிகள் ஆனதும் பிரிட்டிஷ் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி நடத்தியது. ஓட்டில் 1865 என்று பார்த்ததும் வீடே அந்த வருஷம் கட்டியது என்று எழுதச் சொல்லிப் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஓட்டில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் கம்பெனி தொடங்கிய ஆண்டு. இதை வைத்து யாரும் வீட்டுக்கு வயது போட்டுவிடக் கூடாது.

சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளக் கரையின் பேப்பூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1862-இல். அந்தப் பாதையில்தான் ஊத்துக்குளி ஸ்டேஷன் இருக்கிறது. மேற்குக் கடற்கரை ஓடு சரக்கு ரயிலில் வந்து ஊத்துக்குளியில் இறங்கி, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் எங்கள் மேட்டுக்காட்டுக்கு ஏறியது. ஆனால் ரயில் வந்ததும் ஓடு வந்துவிடவில்லை. ரயில் போட்டுப் பதினான்கு வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 78 வரை. கூரை ஓலையையும் வைக்கோலையும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டது, வீட்டு மரத்தைக் கம்புக்கும் ராகிக்கும் விற்றது எல்லாம் அப்புச்சியின் மனைவியான அமுச்சி தன் மாமியார் சொன்னதாகச் சொல்வார். அப்புச்சி வீட்டு அடுப்படி உத்தரத்தில் எதுவும் பூட்டாத வெறும் துளைகள் இருக்கின்றன. அந்த மரம் இதற்கு முன்னால் வேறெங்கோ நிலவாகவோ உத்தரமாகவோ இருந்திருக்கிறது. பஞ்சத்தில் விற்ற வீட்டு மரம் என்பது அமுச்சி சொன்ன கதை. கதை எப்படியானாலும், அது இரண்டாம் பிழைப்பு பிழைக்கும் மரம் என்பதற்குத் துளைகளே சாட்சி.

ஓடு போடக் கையில் காசு வந்தது பருத்தியால். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. கிணற்றுப் பாசனத்தில் நீளப் பஞ்சு கொடுத்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்துத் தோட்டம் பயிர் செய்த எங்கள் ஆட்களுக்கு அது தோதான பயிர். முதல் போர் முடிந்து இருபதுகள் வரை விலை நன்றாக நின்றது. கொங்குநாட்டில் ஓலை இறங்கி ஓடு ஏறிய வீடுகள் பலவும் இந்தக் காலத்தின் பிள்ளைகள். 1929-இல் உலக மந்தம் வந்து விளைபொருள் விலை சரிந்தது. அப்புச்சி வீட்டில் மேபுறம் மட்டும் ஓடும், கீபுறம் ஓலையும் நின்றுபோனதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். இதற்கு வீட்டிலேயே ஒரு தடயம் உண்டு. சீமை ஓட்டுக்குக் கைகள் தள்ளித் தள்ளி இருந்தால் போதும். மேலே ரீப்பர் சட்டம் அடித்து ஓட்டை மாட்டிவிடலாம். ஆனால் மேபுறத்துக் கைகள் ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில் நெருக்கமாக இருக்கின்றன. ஓலையும் வரிச்சும் சுமக்கப் போட்ட மரத்தின் மேலேயே ஓட்டை ஏற்றியிருக்கிறார்கள். ஆக, ஓட்டுக்கு மூத்தது கட்டுக்கோப்பு.

இரண்டாவது பத்திரம் பாகப்பிரிவினை. அப்புச்சிக்கு மேபுறம், அவருடைய தம்பி சின்ன அப்புச்சிக்குக் கீபுறம், தொட்டியும் நடையும் பொது. தொட்டியின் குறுக்கே சுவர் எழும்பவே இல்லை. அண்ணன் தம்பி பேச்சு நின்ற காலத்திலும் இரண்டு வீட்டுப் பெண்களும் அதே தொட்டியில்தான் மழைத்தண்ணீர் பிடித்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் சின்ன அப்புச்சி கொஞ்ச நாளில் தோட்டத்துக்குக் குடிபோனார். போனவர் தன் பங்கு மரத்தைக் கழற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தில் சாளை கட்டினார். முளையைத் தட்டிவிட்டால் கழுந்து துளையைவிட்டுக் கழன்று வருகிறது. அதற்காகத்தானே எண் போட்டிருக்கிறது. கீபுறத்தில் மிஞ்சியது மண் சுவர். நாலு மழையில் அது மண்ணாகவே இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதிவு செய்யச் சொல்கின்றன. உத்தரம் சுவர்மேல் இருக்கும்வரை அசையாச் சொத்தோடு சேர்ந்தது. கழற்றிக் கீழே வைத்துவிட்டால் அது அசையும் பொருள். யாரும் யாருக்கும் வாய்ப்பேச்சில் விற்கலாம். எனவே மரத்தின் பயணம் எந்த ஆபீஸிலும் ஏறவில்லை. அன்றைக்கு நூறு ரூபாய்க்குக் குறைந்த குடியானவர் வீடுகள் எத்தனையோ. அவை கைமாறியதும் பெரும்பாலும் காகிதத்துக்கு வரவில்லை. பெரிய வீடுகளின் சரித்திரம் மட்டும் நம்மிடம் பத்திரமாக இருப்பதற்கு இந்த நூறு ரூபாய்க் கோடும் ஒரு காரணம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

சின்ன அப்புச்சியின் சாளை மரம் அதோடும் நிற்கவில்லை. பைக்காரா மின்சாரம் 1932-இல் தொடங்கிப் படிப்படியாகக் கோவை ஜில்லாவுக்குள் வந்தது. எங்கள் ஊருக்கு அது எட்டியது சுதந்திரத்துக்குப் பிறகு. கரண்டு வந்ததும் கவலை போய் மோட்டார் வந்தது, அப்புறம் விசைத்தறி வந்தது. சாளையைப் பிரித்து அதே பனங்கைகளை வைத்துத் தறி செட் போட்டார்கள். தறி அடிக்கிற அதிர்ச்சியில் மர முளைகள் இளகின. அங்கங்கே இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கினார்கள். எண்பதுகளில் திருப்பூர் பனியன் வெளிநாட்டுக்குப் பெருமளவில் போகத் தொடங்கி, வேலை சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சிதறியதும் தறிகளை விற்றுவிட்டுப் பவர் டேபிள் போட்டார்கள். ஓவர்லாக், பேட்லாக், இரண்டு சிங்கர் டெய்லர், கைமடி வேலைக்கு ஊர்ப்பெண்கள். மேலே பனங்கை முழுவதும் பஞ்சுத் தூசி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். சனிக்கிழமை கணக்கு முடிக்கிறவர்கள் சுண்ணாம்புச் சுவரில் பீஸ் எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். பருத்திக் காசில் ஓடு ஏறிய வீட்டின் மரம், பருத்திப் பனியனுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த செட்டும் இப்போது தகரம். கழற்றிய பனங்கைகள் செங்கல் சூளைக்கு விறகாகப் போய்விட்டன என்று கேள்விப்பட்டபோது மனசு ஆறவில்லை.

பழைய மரம் வாங்குகிறவர்கள் அப்புச்சி வீட்டுக்கும் வந்தார்கள். தேக்குத் தூணுக்கும் போதிகைக்கும் தலைவாசல் நிலவுக்கும் நல்ல விலை சொன்னார்கள். ரிசார்ட் கட்டுகிறவர்கள் கேட்கிறார்களாம். பனங்கையை எடை போட்டுக்கூட வாங்க முடியாது என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. தூண் நான்கையும் உருவிவிட்டால் அது வீடா? செட்டிநாட்டு மாளிகைகளைப் பற்றி எழுதாதவர் இல்லை. அவற்றின் தூணுக்கும் வாசலுக்கும் மரியாதை உண்டு, இருக்கட்டும். மானாவாரிக் குடியானவன் தன் காட்டுப் பனையைப் பிளந்து கட்டிய வீட்டுக்கு அந்த மரியாதையில் பாதி கிடைத்தாலும் போதும். பிரித்துப் பூட்டக் கூடிய வீடுகள் இவை. இங்கிலாந்தில் சிங்கிள்டன் என்ற ஊரில் பழைய மர வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, குறி பார்த்து மறுபடி பூட்டி, ஒரு மைதானம் முழுக்கக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நம் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவிலும் தென்னாட்டு வீடுகளை அப்படிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை.

மாமன் மக்கள் மூவரும் பேசிப் பேசி, கடைசியில் மூத்தவர் பேருக்கு மற்ற இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். இடிப்பதில்லை என்று முடிவு. போன வருஷம் மராமத்து. உளுத்துப்போன கைகளுக்கு மாற்று மரம் தேடியபோதுதான் சிக்கல் தெரிந்தது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு சொல்லிவிட்டது. சொன்னது நல்லதுதான், எங்கள் காடுகளில் பனை அருகிவிட்டது. ஆகவே மாற்றுக் கை கிடைக்க ஒரே இடம் இடிக்கிற வீடுகள். ஆசாரியும் பங்காளி மகனும் சுற்றியலைந்து, விறகுக்கு ஒதுக்கியிருந்த கட்டிலிருந்து வைரம் குறையாத கைகளைப் பொறுக்கி வந்தார்கள். முழுக் கையையும் மாற்றாமல், உளுத்த அடியை மட்டும் அறுத்துவிட்டு, புதுத் துண்டைச் சாய்வாகச் செதுக்கிப் பொருத்தி முளை அடித்தார் ஆசாரி. மோட்டுப் பக்கத்து எண்கள் அப்படியே இருக்கின்றன.

நான்காவது பத்திரம் நான் எழுதியது. இன்றைய படிவத்தில் வீடு என்றால் சதுர அடி, வயது, ஓடா காங்கிரீட்டா, இவ்வளவுதான். நான் சொத்து விபரத்தில் கூடுதலாக ஒரு பத்தி சேர்த்தேன். தேக்குத் தூண் நான்கு, அவற்றின் உயரமும் சுற்றளவும், போதிகை நான்கு, பூட்டாத துளைகளோடு ஒரு பழைய உத்தரம், அது இருக்கும் இடம், பனங்கைகள் எத்தனை ஜோடி, தொட்டியில் யார் யாருக்கு என்ன பாத்தியம். பிறகு மற்றவர்களுக்குப் பழைய வீடு எழுதும்போதும், கட்சிக்காரர் சம்மதித்தால், இந்தப் பத்தியைச் சேர்த்துக்கொண்டேன். மேலே ஏறி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும், ஒரு பக்கம் கூடும். அதற்கென்று தனியாகக் கூலி வாங்கியதில்லை.